"நாளைக்கு ரெடி" என்று இழுத்தடிக்கும் லேப்டாப் சர்வீஸ்: கொஞ்சம் கவனம்

லேப்டாப்பையோ போனையோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு "நாளைக்கு ரெடி ஆயிடும்" என்ற பதிலையே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை. கொடுத்த இடத்தில் மதர்போர்டு போய்விட்டது, பார்ட்ஸ் வரவழைக்கணும் என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஆரம்பித்தது. பார்ட்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள், பிறகு வந்தது வேறு மாடல் என்றார்கள், அதற்கப்புறம் டெக்னீஷியன் லீவு, டெஸ்டிங்கில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். அவர்களாக ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை, எல்லாமே நான் கூப்பிட்டதற்குக் கிடைத்த பதில்கள்.

கடைசியில் நேரில் போய், பார்ட்ஸ் ஆர்டர் போட்ட நம்பரைக் காட்டுங்கள் என்றேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார், உள்ளே போனார், திரும்பி வந்து "இன்னும் ரெண்டே நாள் சார்" என்றார். நம்பர் இல்லை. சரி, அப்படியே கொடுங்கள் என்று வாங்கித் திருப்பிப் பார்த்தால், அடியில் திருகின் மேல் ஒட்டியிருந்த சீல் ஸ்டிக்கர் கிழியவே இல்லை. திறந்தே பார்க்காமல் மதர்போர்டு போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள்! வேறொரு இடத்தில் என் கண்ணெதிரே கழற்றினார்கள். சார்ஜர் செருகும் ஜாக் உள்ளே ஆடிக்கொண்டிருந்தது, அதை மாற்றியதும் சார்ஜ் ஏறியது.

அட்வான்ஸ்தான் இதில் பெரிய பிடி. காசு கொடுத்தாச்சே, இவ்வளவு நாள் பொறுத்தாச்சே என்று மனசு நம்மை அங்கேயே உட்கார வைத்துவிடும். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1985-ல் இதைப் பற்றி எழுதினார்கள்: நாடக சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றதில், சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குப் போனார்களாம். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் இழுத்திருக்கிறது.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தேதியை ரசீதில் எழுதி வாங்குங்கள், அந்தத் தேதி தாண்டினால் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், அடுத்த போனில் எப்போது ரெடி என்று கேட்காதீர்கள், ஆர்டர் நம்பரைக் கேளுங்கள். காரணம் மாறிக்கொண்டே இருந்து நம்பரும் வரவில்லை என்றால் அன்றைக்கே போய் எடுத்து வந்துவிடுங்கள்.

என் அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. எழுத்தில் கேட்டு அனுப்பியிருக்கிறேன், ஆனால் அதற்காக இன்னொரு நாள் அந்தக் கவுன்டரில் போய் நிற்கப் போவதில்லை.