குளிரா, கெட்ட காற்றா: சீன வைத்தியத்துக்குள் ஒரு பழைய வழக்கு

யின், யாங் என்னும் இரு எதிரெதிர் சக்திகளின் சமநிலை குலைந்தால் நோய் என்று சீன வைத்தியத்தை ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. ஆனால், காய்ச்சல் எதனால் வருகிறது என்பதில் அந்த வைத்தியர்களே நூற்றாண்டுக் கணக்கில் கட்சி பிரிந்து வாதாடியிருக்கிறார்கள்.

மூத்த கட்சி, ஹான் வம்ச ஆட்சியின் கடைசிக் காலத்தவரான வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங்குடையது. கி.பி. 196க்குப் பிந்தைய பத்தாண்டுகளுக்குள் தம் குலத்தார் இருநூறு பேருக்கு மேல் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டதாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் குளிர் கொண்டுபோனதாகவும் அவர் நூலின் முன்னுரை சொல்கிறது. அவர் கணக்கில், குளிர் உடலின் மேற்பரப்பில் தொற்றி ஆறு படிகளில் உள்ளே இறங்கும். மேலே இருக்கும்போதே வியர்க்க வைத்து விரட்ட வேண்டும். லவங்க மரத்தின் இளங்கொம்பு சேர்ந்த கஷாயத்துக்கு அவர் சொல்லும் பக்குவமே அழகு: குடித்த சற்று நேரத்தில் சூடான கஞ்சி, பிறகு போர்வை. வியர்வை உடம்பெங்கும் கசிய வேண்டும், நீராய் ஓடக் கூடாது. மாமிசமும் மதுவும் ஆகாது.

1641இல் சீனாவின் ஷாண்டோங், ஜெஜியாங் பகுதிகளில் கொள்ளைநோய் பரவியபோது இந்த முறை பலிக்கவில்லை. மக்கள் நோயால் சாகவில்லை, வைத்தியத்தால் சாகிறார்கள் என்று கொதித்த வைத்தியர் வூ யோவ்ஷிங், மறு ஆண்டே எதிர்க்கட்சி நூலை எழுதினார். குளிரும் வெயிலும் பருவத்தின் இயல்பு. கொள்ளைநோய்க்குக் காரணம் தனியொரு நச்சுக்காற்று. அது தோல் வழியாக அல்ல, மூக்கு, வாய் வழியாக நுழைகிறது. வலியவர், மெலியவர் என்று பார்ப்பதில்லை. மாட்டுக்கு வருவது ஆட்டுக்கு வருவதில்லை, கோழிக்கு வருவது வாத்துக்கு வருவதில்லை. ஆகவே நோய்க்கு நோய் நச்சும் வேறு என்றார். அவருடைய கஷாயத்தில் முதற்சரக்கு நம் கொட்டைப்பாக்கு. நோய் உள்ளே இறங்கினால் ரேவல்சின்னி என்னும் பேதி வேரைக் கொடுத்துப் பேதியாக்கத் தயங்கமாட்டார்.

காரணத்தை மட்டும் எடைபோட்டால் என் வாக்கு வூவுக்குத்தான். ஆடு மாடு வாதத்துக்கு, குளிரே காரணம் என்னும் பருவநிலைக் கொள்கையிடம் சரியான பதில் இல்லை. அதற்காக அவர் கிருமியைக் கண்டுவிட்டார் என்று மார்தட்டுவது மிகை. அவர் பேசியது காற்றைத்தான். படுக்கையருகே நிற்கும் வைத்தியருக்கோ ஜாங்கின் நூல்தான் கைகொடுக்கும்: எந்த அறிகுறிக்கு எந்தக் கஷாயம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

பின்னால் வந்த சூஜோ நகரத்து வைத்தியர் யே தியான்ஷி, சூட்டு நோய் முதலில் நுரையீரலைப் பிடித்து நான்கு அடுக்குகளாக ஆழமாகும் என்றார். சிகிச்சைக்கு வசதியான கணக்கு. ஆனால் 'தனி நச்சு' என்ற கூர்மை மழுங்கி, பழைய சூடு, குளிர்ப் பேச்சே திரும்பிவிட்டது. ஒவ்வொரு நச்சையும் அடக்கும் பொருள் தெரிந்தால் ஒரு நோய்க்கு ஒரே மருந்து போதும், பல சரக்கைக் கூட்டிக் குறைக்கும் பாடே வேண்டாம் என்று வூ எழுதியதை அவருக்குப் பின் வந்த கஷாயக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.