செலாய்க் காடும் லேடாங் மலையும்: பல வருடம் கழித்துப் பையில் மிஞ்சியவை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பெக்கோக், லாபிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் வாசல் கிட்டத்தில்தான், ஆனாலும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது மழை கறுத்துக்கொண்டு வரும் திசை, அவ்வளவுதான். நான் கொஞ்சம் கிறுக்கு, வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். கூடவே செகாமட்டைத் தாண்டி சாகிலிலிருந்து ஏறுகிற லேடாங் மலையும் உண்டு. வாங்கிய சாமான்களில் எது நிலைத்தது, எது காசைத் தின்றது என்று தோட்டத்துப் பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். கட்டிலும் காற்றாடியும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது உதவாது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது புலியையும் யானையையும் பற்றித்தான். இரண்டும் அந்தக் காட்டில் இருக்கின்றன, யானை லத்தி பாதையிலேயே கிடக்கும், ஆனால் நம் பொழுதைக் கெடுப்பது அவை இல்லை, ஈரம். மலேசியக் காட்டில் மழை பெய்யாத நாளிலும் துணி காயாது. ராத்திரி கழற்றி மாட்டிய சட்டை காலையில் இன்னும் கொஞ்சம் நனைந்திருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய சாமான் பட்டியலை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் அதில் முக்கால்வாசி கதகதப்புக்கானது. நமக்கு வேண்டியது நனைந்தாலும் கெடாத சாமான்.

கூடாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் நடுத்தர விலைக் கூடாரங்களின் மேல்துணியில் உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும், மழை உள்ளே இறங்காமல் தடுப்பது அதுதான். இந்தப் பூச்சுக்குச் சூடும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது, மூலக்கூறு தண்ணீரோடு சேர்ந்து மெல்ல மெல்ல உடைந்துபோகும். அது பயன்படுத்தும்போது நடக்க வேண்டும் என்பதுகூட இல்லை, வீட்டு அலமாரியில் சுருட்டிய பைக்குள் இருக்கும்போதே நடந்துவிடும். ஒருநாள் திறந்தால் புளித்த வாடை, துணி பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், தையல் மேல் ஒட்டிய நாடா கையோடு வரும். அதற்குப் பிறகு எந்தத் தெளிப்பானும் உருப்படியாக உதவுவதில்லை. என்னுடைய முதல் கூடாரம் அப்படித்தான் போனது, விற்ற கடையில் "ஈரத்தோடு மடிச்சிருப்பீங்க அண்ணே" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். சிலிக்கோன் பூசிய துணி இந்த விதத்தில் எவ்வளவோ மேல். விலை கூடுதல், வழுக்கும், தையலை நாமே பசை போட்டு அடைக்க வேண்டும், ஆனால் வருடங்கள் ஓடியும் ஒட்டவில்லை. எந்தத் துணியாக இருந்தாலும் வீட்டுக்கு வந்த அன்றே கொடியில் விரித்துக் காயவைத்து, அப்புறம் தளர்வாக ஒரு பருத்திப் பையிலோ பழைய தலையணை உறையிலோ போட்டு வையுங்கள். அது வந்த சின்னப் பையில் திணிக்காதீர்கள்.

இப்போதெல்லாம் செலாய்க்கு நான் கூடாரமே எடுத்துப் போவதில்லை. மேலே ஒரு பெரிய விரிப்பு, மூன்றுக்கு நான்கு மீட்டர், கீழே இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும், கொசுவலை வைத்த தொட்டில் (ஹேமக்). தரை எப்படி இருந்தாலும் கவலை இல்லை, வேரும் கல்லும் முதுகில் குத்தாது, மழையில் விரிப்பின் கீழே உட்கார்ந்து சமைக்கலாம். கட்டும் முன் மரத்தை மட்டும் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்கினால் வேறு மரம். காட்டில் ராத்திரி காற்றடிக்கும்போது விழுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட கிளைதான், புலியைவிட அதற்கு நான் பயப்படுகிறேன். விரிப்பின் ஒரு மூலையை வேண்டுமென்றே தாழக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நடுவில் தண்ணீர் குளம் கட்டி மொத்தமும் தலையில் இறங்கும். தொட்டில் கயிற்றில் ஒரு துண்டுத் துணி முடிந்து விட்டால் கயிறு வழியாக வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

காலணி விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் எல்லாரும் கேட்பது. விலையுயர்ந்த மலையேற்றக் காலணிகள் பலவற்றின் நடு அடியும் பாலியூரித்தேன்தான், அதுவும் அதே வியாதியில் போகும். பெட்டியில் பத்திரமாக வைத்த சப்பாத்து மலைப் பாதையின் பாதியில் வாயைப் பிளக்கும், அடி தனியாக, மேல் தனியாக. லேடாங்கில் காலணியைக் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். தீர்வு நம் ஊர் மளிகைக் கடை வாசலிலேயே தொங்குகிறது: அடிடாஸ் கம்போங் என்று செல்லப்பெயர் வாங்கிய ரப்பர் சப்பாத்து. கறுப்பு ரப்பர், ஒரே வார்ப்பு, அடியில் முள்முள்ளாகக் குமிழ், இருபது வெள்ளிகூட (ரிங்கிட்) ஆகாது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் காலம் காலமாகப் போட்டது. இன்றைக்கு மலைப் பாதைகளில் போட்டி ஓட்டம் ஓடுகிறவர்களே அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஈரச் செம்மண்ணிலும் வேரிலும் அது பிடிக்கிற பிடி எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. தண்ணீர் உள்ளே போகும், ஆனால் ஊறாது, கழற்றிக் கவிழ்த்தால் முடிந்தது.

முதல்முறை அதைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நாங்க விடியக்காலம் நாலு மணிக்கு இத மாட்டிக்கிட்டு, தலையில விளக்க கட்டிக்கிட்டு, கொசுக்கடியில நின்னா கூலி குடுத்தாங்க. நீ காசு கட்டிட்டுப் போற" என்றார். பதில் சொல்ல முடியவில்லை, சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

குறையையும் சொல்ல வேண்டும். அந்தச் சப்பாத்தில் மெத்து என்று எதுவும் இல்லை, ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்குத் தெரியும். மெல்லிய சாக்ஸோடு போட்டால் தோல் உரியும், கால்பந்து சாக்ஸ் போடுங்கள், ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஒரு தனி உள்ளடியும் வையுங்கள். செலாய்ப் பாதைகளுக்கு அது போதும். லேடாங் வேறு கதை. 1,276 மீட்டர்தான் உயரம், எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தோன்றும். ஆனால் கிட்டத்தட்ட அடிவாரத்திலிருந்தே ஏறுகிறோம், மேலே போகப் போக ஏணியும் கயிறும். கேஎஃப்சி என்று பெயர் வைத்திருக்கும் பாறைப் பகுதியில் கோழி கிடைக்காது, 'கில்லர் ஃபார் கிளைம்பர்ஸ்', ஏறுகிறவர்களைக் கொல்வது என்பதன் சுருக்கம் அது. ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும், இறக்கத்தில் முட்டியும் கால் நகமும் போகும். முட்டி வலி உள்ளவர்கள் அங்கே மெத்துள்ள காலணியையே போடட்டும், வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் அடியை அழுத்திப் பார்த்து, நொறுங்குகிறதா என்று தெரிந்துகொண்டு போடட்டும்.

அட்டை. மழைக்குப் பிறகு செலாயில் அட்டை இல்லாத பாதை கிடையாது. கடிக்கும்போது வலிக்காது, உறையாமல் இருக்க ஏதோ விட்டுவிடுவதால் அது கழன்ற பிறகும் ரத்தம் வழிந்துகொண்டே இருக்கும், பார்க்கத்தான் பயங்கரம். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுச் சாக்ஸ் நல்ல முதலீடு. அதன் மேல் புகையிலை ஊறவைத்த தண்ணீரைத் தடவுவது தோட்டத்துப் பழக்கம், வேலை செய்கிறது, ஆனால் ஓர் ஆற்றைக் கடந்தால் கழுவிப் போய்விடும், மறுபடி தடவ வேண்டும். கடித்ததை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினாலே விடும்.

படுக்கும் இடத்தைப் பற்றி நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் உயிர் போகிறது. ஆற்றோர மணல் திட்டு அழகாக, சமமாக, மெத்தென்று இருக்கும், புதிதாக வருகிற கூட்டம் நேரே அங்கேதான் போகும். மேலே மலையில் பெய்த மழை கீழே நமக்குத் தெரியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சுவர்போல வந்துவிடும், மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயேர் என்று சொல்வது அதைத்தான். தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, ஆற்றின் சத்தம் மாறுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். எங்களோடு வந்த ஜகூன் பழங்குடி வழிகாட்டி ஒருமுறை பக்கத்துக் கூட்டத்தின் கூடாரங்களைப் பார்த்தார், பேசவே இல்லை, கரையோரச் செடியில் ஆள் உயரத்துக்கு மேல் சிக்கியிருந்த காய்ந்த புல்லைக் கையால் தொட்டுக் காட்டினார். போன வெள்ளம் விட்டுப்போன புல் அது. அவர்கள் இருட்டுவதற்குள் மேலே மாறிவிட்டார்கள்.

தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். 2010இல் பக்கத்து மாநிலமான பகாங்கின் மாரான் அருகே லுபோக் யூவில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களிலேயே சிலர், மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் தாக்கி இறந்தது நினைவிருக்கும். காட்டிலிருந்து திரும்பி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போன விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அவர் டெங்கியைத்தான் முதலில் நினைப்பார்.

தூங்குவதற்கு செலாய் அடிக்காட்டில் உறக்கப்பை தேவையில்லை, ஒரு கைலி போதும், விடியற்காலையில் மட்டும் லேசாகச் சிலிர்க்கும். நூறு மீட்டர் ஏறினால் அரை பாகைக்கு மேல் குளிரும் என்ற கணக்கில் லேடாங் உச்சி அடிவாரத்தைவிட ஏழு பாகையாவது குறைவு, காற்றும் அடிக்கும், அங்கே மெல்லிய காற்றுச்சட்டை வேண்டும். சாப்பாடு பற்றிப் பெரிதாக இல்லை: சோறு, வீட்டில் செய்த நெத்திலி சம்பல், சார்டின். சம்பல் நன்றாக எண்ணெய் பிரிய வதக்கியிருந்தால் இரண்டு நாள் தாங்கும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1977இல் பகாங் பக்கம் இந்தக் காட்டில் வெட்டுமரத்துக்கு அனுமதி கொடுத்தபோது நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, 1985, 86இல் மலாயன் இயற்கைச் சங்கம் அறிவியலாளர்களையும் தொண்டர்களையும் உள்ளே அழைத்துப்போய் என்னென்ன இருக்கிறது என்று பதிவு செய்தது, 1993இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவானது. எண்டாவ் பெயரையே தாங்கிய ஒரு விசிறிப்பனை இங்கே வளர்கிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனையை மட்டுமே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வட்ட ஓலைகள் ஒரு தினுசாக இருக்கும். காஹாங் வழியாகப் போகும் பெத்தா வாசல் பக்கத்துக்குத்தான் வெளியூர்க் கூட்டம், புவாயா சங்குட் அருவி அங்கே இருப்பதால். செலாயில் தாக்கா திங்கி, தாக்கா பாண்டான், தாக்கா பெராங்கின் என்று அருவிகள், ஆள் குறைவு. அதனால்தான் எனக்கு இது பிடிக்கிறது, சொந்த ஊர்ப் பாசமும் இருக்கலாம்.

சாதாரணக் காரில் போக முடியாது. கம்போங் குடோங் வழியாக லுபோக் தாப்பா முகாமுக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், தனியாகப் போனால் அந்த வாடகையே மற்ற எல்லாச் செலவையும் தாண்டிவிடும், ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்று முன்பணம் வாங்கிய ஒருவர் கடைசி நேரத்தில் போனை எடுக்கவே இல்லை, அதற்கப்புறம் நான் பூங்கா அலுவலகத்திடமே கேட்டு ஏற்பாடு செய்கிறேன். நவம்பர் வாக்கில் தொடங்கிச் சில மாதம் மழைக்கால மூடல். லேடாங்கில் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். உள்ளே கொண்டுபோகும் பொட்டலங்களையும் பாட்டில்களையும் எழுதி வைத்து, இறங்கும்போது எண்ணிப் பார்ப்பார்கள். வரிசையில் நிற்க எரிச்சலாக இருக்கும், ஆனால் பாதை சுத்தமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் லேடாங்கைத் தொட வேண்டாம். பெக்கோக்கிலேயே சுங்கை பந்தாங் காட்டுப் பொழுதுபோக்கு இடம் இருக்கிறது, ஓர் இரவு அங்கே படுத்துப் பழகட்டும், அடுத்த வருடம் செலாய், மலை அப்புறம். பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் காட்டுக்குள்ளே ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து விடிய விடியப் பாட்டுப் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு சுங்கை பந்தாங் போதும் என்று எழுதலாம் என்று பார்த்தேன், வேண்டாம், அங்கேயும் நாங்கள்தான் போகிறோம்.