முதலில் ஆக்சஸ்() கேட்பதா, நேரே ஓப்பன்() செய்வதா?

ஃபைலைத் தொட அனுமதி உண்டா என்று லினக்ஸ் நிரலுக்குள் பார்க்க இரண்டு வழி: அனுமதியை மட்டும் கேட்கும் ஆக்சஸ்() அழைப்பு, ஃபைலைத் திறந்தே பார்க்கும் ஓப்பன்() அழைப்பு.

யாருடைய அனுமதி?
ஆக்சஸ்(): நிரலை இயக்கியவரின் அசல் யூசர் ஐடி.
ஓப்பன்(): அந்த நேரத்தில் செல்லுபடியாகும் ஐடி. செட்யூஐடி நிரலில் (யார் இயக்கினாலும் தன் உரிமையாளரின் உரிமையில் ஓடும் நிரல்) இவை வேறுபடும். ஒன்று 'முடியாது' என்னும், மற்றது திறந்துவிடும்.

நம்பகம்
ஆக்சஸ்(): 0 ('அனுமதி உண்டு') வந்தபின், ஓப்பன்() ஓடுவதற்குள் அதே பெயரில் கடவுச்சொல் ஃபைலான /இடிசி/ஷேடோவுக்கு யாராவது சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) வைத்துவிடலாம். முழு அதிகாரமுள்ள ரூட் உரிமையில் ஓடும் நிரல் அதையும் திறக்கும்.
ஓப்பன்(): சோதனையும் திறப்பும் ஒரே அழைப்பு. நடுவே சந்து கிடையாது.

பிழை
இரண்டும் தோற்றால் -1தான். காரணம் எர்நோ என்ற பிழை எண்ணில்: 13 அனுமதி இல்லை, 2 ஃபைலே இல்லை, 30 எழுதவிடாத ஃபைல் சிஸ்டம்.

பக்கவிளைவு
ஆக்சஸ்(): எதையும் மாற்றாது.
ஓப்பன்(): எழுத முடிகிறதா என்று பார்க்கும்போது ஓ_டிரங்க் (திறக்கும்போதே உள்ளடக்கத்தை அழிக்கச் சொல்லும் கொடி) சேர்த்தால் ஃபைல் காலி. கையைச் சுட்டுக்கொள்ள இதுவே எளிய வழி!

'சேமி' பொத்தானை மங்கலாக்க மட்டும் என்றால் டபிள்யூ_ஓகே ('எழுதலாமா?' என்று கேட்கும் கொடி) கொடுத்து ஆக்சஸ்() போதும். நிஜமாகவே படிக்க, எழுத நேரே ஓப்பன்(). செட்யூஐடி நிரலிலோ ஆக்சஸ்()-ஐ மறந்துவிடுங்கள். செட்இயூஐடி() மூலம் பயனரின் ஐடிக்கு இறங்கிய பிறகு ஃபைலைத் திறவுங்கள்.