13,400 ரூபாய்க்கு நாலு டைகர் பாப்! ஒன்லைனில் மீன் வாங்குகிறவர்கள் ஒருக்கா வாசியுங்கள்

இன்று காலை செத்துப்போன என் பெரிய ஏஞ்சல் மீனை வலையால் அள்ளி எடுத்து முற்றத்தில் புதைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. போனது 13,400 ரூபாய், ஆனால் அந்த மீன் இரண்டரை வருடம் என் கையால் தின்று வளர்ந்தது.

கல்லடியில் என் வீட்டு மூன்றடித் தொட்டியில் இரண்டு ஏஞ்சலும் அடியில் மேய்கிற ஆறு கொரிடோராஸும் இருந்தன. கொஞ்சம் துடிப்பான மீன் விட்டால் நல்லா இருக்குமே என்று ஆசைப்பட்டு, எல்லாச் சாமானும் விளம்பரம் போடுகிற ஒரு தளத்தில் தேடினேன். கொழும்புப் பக்கம் ஒருவர் டைகர் பாப் போட்டிருந்தார். அது செட்டை கடிக்கிற மீன் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதை அவரிடமே கேட்டேன். "அது காட்டு மீன் அண்ணன், இது நாங்க பழக்கின மீன், நம்ம நாட்டு ஆத்து மீன்தானே" என்றார். ஏஞ்சலோடு பாப் அமைதியாக நீந்துகிற ஒரு வீடியோவும் வந்தது. எந்த ஊர் என்று கேட்டார், மட்டக்களப்பு என்றேன். "பாடுமீன் ஊர்க்காரருக்கு மீன் விசயத்தில பொய் சொல்லுவமா அண்ணன்?" என்று சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன்.

பத்து மீன் 3,000. மீனைச் சாந்தப்படுத்துகிற மருந்து என்று ஒரு போத்தல் 4,900. மரக்கட்டையும் செடியும் 4,000, பஸ் கூலியும் பெட்டியும் 1,500. மொத்தம் 13,400 ரூபாய், முழுவதும் முன்பணம். அம்மா கூட "என்ன மனே, மீனுக்குமா மருந்து?" என்று கேட்டா. நான் கேட்கவில்லை.

இரவு பஸ்ஸில் வந்த ரெஜிபோம் பெட்டியை விடியற்காலையில் போய் எடுத்து வந்து திறந்தால் உள்ளே நாலே நாலு மீன். மீதி ஆறும் "அடுத்த கிழமை" வருமாம். அந்த நாலும் முதல் நாளே ஏஞ்சலின் அடிச்செட்டையில் தொங்குகிற இரண்டு நீள நூலையும் பிய்த்தன, பிறகு வாலில் கை வைத்தன. மருந்தை ஊற்றினேன், நீல நிறத் தண்ணீர், வேறு ஒரு மாற்றமும் இல்லை. கிழிந்த இடம் வெள்ளையாகி அழுகத் தொடங்கியது.

விற்றவரை அழைத்தேன். "மூணு நாள் பொறுங்க, பழகிரும்." மூன்றாம் நாள் "உங்கட மட்டக்களப்புத் தண்ணி உப்பு அண்ணன், அதான்." ஐந்தாம் நாள் நான் அனுப்பிய குரல் பதிவை அவர் கேட்டதற்கு நீல அடையாளம் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. ஆறாம் நாள் என்னைத் தடுத்துவிட்டார். தளத்துக்கு எழுதினால், நாங்கள் விளம்பரம் போட இடம் தருகிறோம், கொடுக்கல் வாங்கல் உங்கள் இருவருக்கும் இடையிலானது என்று ஒரு வரி. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்க நினைத்தேன், கையில் பில்லும் இல்லை, வங்கிச் சீட்டு மட்டும்தான்: 13,400.

பிறகுதான் தேடி வாசித்தேன், முதலே வாசித்திருக்க வேண்டும். டைகர் பாப் சுமத்ரா, போர்னியோப் பக்கத்து மீன். நம்ம நாட்டு ஓடைகளுக்கே உரியது செரி பாப், அது சாதுவான மீன், பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. டைகர் பாப் கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளுமாம், மூன்று நாலாக விட்டால் பக்கத்தில் நிற்கிற மெதுவான மீன்தான் மாட்டும். அப்படியென்றால் அந்த ஆள் மீதி ஆறு மீனைப் பிடித்துவைத்தது காசை மட்டும் தின்னவில்லை.

விளக்கமாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் இல்லை. டைகர் பாப்பை எட்டுக்குக் குறைய விடாதீர்கள். எத்தனை விட்டாலும் ஏஞ்சல், பைட்டர், நீள வால் கப்பியோடு விடாதீர்கள். கடியை நிறுத்துகிற மருந்து என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே அழைப்பை வெட்டுங்கள். மீனைக் கண்ணால் பார்க்காமல் முழுக்காசு போடாதீர்கள்.

மற்ற ஏஞ்சலை வாளியில் தனியாக விட்டு ஏர் மோட்டார் போட்டிருக்கிறேன். கரண்ட் இப்போதுதான் ஒருமுறை போய் வந்தது, போய்ப் பார்க்க வேண்டும்.