கிரவல் குழி: நீர்மட்டத்துக்கு மேலா, கீழா?

கொழும்பில் வீடு கட்டக் கிரவல் வேண்டும். அது தோண்டப்படும் ஹங்வெல்லப் பக்கத்தாருக்குக் கிணறும் வேண்டும். குழியை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்துவதா, அதற்குக் கீழும் தோண்டுவதா? தோண்ட அனுமதி தரும் அரச சுரங்கப் பணியகத்துக்குப் போகுமுன் இதைத் தீர்மானியுங்கள்.

செலவு: மேலே நிறுத்தினால் பம்ப் வேண்டாம், கிரவல் குறைவு. கீழே போனால் கிரவல் அதிகம், இறைக்கும் செலவும் அதிகம்.

கிணறு: மேலே என்றால் அயல் கிணற்றின் நீர்மட்டம் பெரிதாக அசையாது. கீழே தோண்டி இறைத்தால் ஆழமில்லாத கிணறுதான் முதலில் வற்றும். இறைக்காமல் நீருக்குள்ளேயே அள்ளலாம், சரி. ஆனால் சிந்தும் டீசல் நேரே நிலத்தடி நீரில் கலக்கும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

தோண்டி முடிந்த பிறகு: மேலே நிறுத்திய குழியில் மரம் நடலாம், கீழே போன குழி குளமாகும்.

மார்ச் வரட்சியில் கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மே மழையில் அதே கிணற்றில் நீர் மேலேறும். அந்த உச்ச மட்டமே கணக்கு.

கிணற்றை நம்பிய வீடுகள் அருகில் இருந்தால் மேலேயே நிறுத்துங்கள். வீடுகள் தள்ளியிருந்தால் கீழே போகலாம், இறைக்காமல், நீர்மட்டம் பார்க்கவென்றே தோண்டிய கண்காணிப்புக் கிணற்றை மாதாமாதம் அளந்தபடி.