மாத்திரை ஆய்வா, பிசியோ ஆய்வா?

நாள்பட்ட ப்ராஸ்டேட் வலியோடு பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் ஆய்வில் சேர நினைத்தால் மருந்து ஆய்வு, பிசியோதெரபி ஆய்வு என்று இரண்டு வகை வரும். நான் பிசியோவில் சேர்ந்தவன், சாய்வும் அந்தப் பக்கம்தான்.

சேருபவருக்கான அடிப்படை விதிகளில் பெரிய வித்தியாசமில்லை. எதுவானாலும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

மருந்து ஆய்வில் நான் இருந்ததில்லை, சேர்ந்த நண்பர் சொன்னதை வைத்தே சொல்கிறேன். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தச் சொன்னதுதான் அவருக்குப் பெரும் பாடு. பிளேசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) விழுந்துவிடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். 2008இல் வெளியான, அல்ஃபுசோசின் என்ற மாத்திரையை இந்த வலிக்குச் சோதித்த ஆய்வில் 272 பேர், 12 வாரம். மருந்து எடுத்தவர்கள், பிளேசிபோ எடுத்தவர்கள் என இரு பக்கமும் 49.3% பேருக்கு முன்னேற்றம். அதாவது அந்த மருந்து தனியாக எதையும் சாதிக்கவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: ஆய்வு முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சும்? சோதனை மருந்து நன்றாகவே கேட்டாலும், கடைக்கு வராத மருந்தாக இருந்தால் அதோடு போச்சு. வேறு சிகிச்சையே இல்லாதவர்களுக்கு ஆய்வுக்குப் பிறகும் தர இந்தியாவின் 2019 மருந்து ஆய்வு விதிகளில் வழி உண்டு. ஆனால் மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்ப வேண்டும். பிசியோவில் கற்றது நம்மோடே வந்துவிடும். இடுப்புத்தளத் தசைகள் எங்கே இறுகியிருக்கின்றன, மூச்சோடு சேர்த்து அவற்றை எப்படித் தளர்த்துவது, அலுவலக நாற்காலியில் எப்போது எழுந்து நடப்பது, எல்லாம் எனக்கு இன்றும் உதவுகிறது. சில்க் போர்டு நெரிசலில் பைக்கில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த மூச்சுப் பயிற்சிதான். பலர் தாங்களாகவே கெகல் பயிற்சி (இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடுவது) செய்கிறார்கள். ஏற்கெனவே இறுகிய தசையை அது மேலும் இறுக்கி வலியைக் கூட்டலாம்.

பிசியோ சான்றுகள் இன்னும் சிறியவை. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆண், பெண் சேர்த்தே 47 பேர்தான். தசைச் சிகிச்சையில் 57%, சாதாரண மசாஜில் 21% பேருக்குப் பலன். பிசியோ அமர்வில் ஆசனவாய் வழியாகவும் தசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கூச்சத்தில் நின்றுவிடாதீர்கள், எனக்கு முதல் அமர்விலேயே அது போய்விட்டது.

வாரம் தவறாமல் போய்வர லீவு கிடைக்காதவருக்கு மாத்திரை ஆய்வே தோது. லேப் சோதனையில் கிருமி தெரிந்தவர்களுக்கு இரண்டும் வேண்டாம். அவர்களுக்கு ஆண்டிபயாட்டிக்தான், யூராலஜிஸ்ட் சொல்லும் அத்தனை நாளும் விடாமல்.