பால்காரர் இரண்டு பேர்: என் கிளவுட் சந்தாக் கதை

2019-இல் கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் என் போன் தொலைந்தது. போன் போனதைவிட, அதிலிருந்த நானூறு சொச்சம் நம்பர்கள் போனதுதான் வலித்தது. பாதியை சிம்மிலும் பாதியை போனிலேயும் சேமித்து வைத்திருந்த ஆள் நான். ‘போன் தொலைந்துவிட்டது, பெயரோடு ஒரு மெசேஜ் போடுங்கள்’ என்று ஸ்டேட்டஸ் வைத்து, இரண்டு வாரம் பிச்சை எடுத்தேன். புதுப் போன் வாங்கிய கையோடு ஒரு கிளவுட் சேவைக்கு, அதாவது போனில் இருப்பதை இணையம் வழியாகத் தன் கம்ப்யூட்டர்களில் சேமித்து வைக்கும் கம்பெனிக்கு, சந்தா கட்டினேன். அன்றிலிருந்து விடாமல் கட்டுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியும் பார்த்தாயிற்று. குணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இது: நம்மைக் காசு கட்ட வைப்பவை படங்களும் வீடியோக்களும். தினம் உழைப்பவையோ கான்டாக்ட், காலண்டர், நோட்ஸ் மூன்றும். காலையில் ஆபீஸ் லேப்டாப்பில் மளிகைச் சீட்டு எழுத ஆரம்பிப்பேன். மாலையில் கடை வாசலில் போனைத் திறந்தால் அது அங்கே இருக்கும். நடுவில் வீட்டுக்காரி ‘பெருங்காயம், கட்டி’ என்று ஒரு வரி சேர்த்திருப்பாள். இந்த மூன்றும் எல்லாம் சேர்த்தே சில எம்பிதான் வரும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஆப்பிள் தரும் 5 ஜிபி, இரண்டிலும் இவை ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். அதாவது, சந்தாவே கட்டாவிட்டாலும் கிடைக்கிற விஷயத்துக்குத்தான் நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் செய்த பெரிய தப்பு 2020-இல். கோபியில் இருக்கும் அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தபோது, தனிக் கணக்கு தொடங்கச் சோம்பேறித்தனப்பட்டு என் கணக்கையே அதில் போட்டுவிட்டேன். என் கான்டாக்ட் எல்லாம் அங்கே போனது, அவருடையது எல்லாம் இங்கே வந்தது. கொஞ்ச நாளில் ‘ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன, இணைக்கட்டுமா’ என்று கேட்டது. யோசிக்காமல் சரி என்றேன். அதில் ‘பால்காரர்’ என்று இருவர் இருந்தார்கள். கோபியில் பால் ஊற்றுகிறவர் ஒருவர், சென்னையில் எனக்குப் பாக்கெட் போடுகிறவர் இன்னொருவர். இணைந்ததும் என் ஆள் நம்பர் மேலே ஏறிக்கொண்டது.

ஒரு நாள் காலையில் என் வாசல் பையில் அரை லிட்டர் பாக்கெட் இரண்டு கூடுதலாகக் கிடந்தன. எட்டு மணிக்கு அம்மா போன்.

“ஏங்கண்ணு, ஒரம்பரை வராங்க, ஒரு லிட்டரு சேத்தி ஊத்துப்பான்னு நேத்தே பால்காரங்கிட்டச் சொன்னேன். சரிங்கன்னுட்டு, வழக்கமா ஊத்தறதத்தான் ஊத்திட்டுப் போறான்.”

எந்த வீடு என்று என் பால்காரர் கேட்டிருக்கிறார். அம்மா ஊர் வழக்கப்படி என் பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்றிருக்கிறார். பால்காரருக்குச் சந்தேகமே வரவில்லை.

சிரித்துவிட்டு அன்றே கணக்கைப் பிரித்திருக்க வேண்டும், செய்யவில்லை. சில மாதம் கழித்து அம்மா போனில் ‘இடமில்லை’ என்று வந்திருக்கிறது. உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்திருக்கிறார். அவர் நினைத்தது, தன் போனில் இருப்பது தன் போனில் மட்டும் போகும் என்று. படித்த பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி: இங்கே கையை எடுத்தால் அங்கேயும் எடுக்கும். பேக்கப் வேறு, அது தனியாக எடுத்து வைக்கும் பிரதி. அழித்தவை குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும். ஆப்பிளில் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள். எனக்குத் தெரிந்தது நாலாம் மாதம். பழைய வீட்டை இடிக்கும் முன் திண்ணை, அட்டாலி, கிணற்று மேடு என்று எடுத்திருந்த அறுபது எழுபது படங்கள் அதோடு சரி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பண விஷயம். ஆப்பிளில் 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய், கூகுளில் 100 ஜிபிக்கு 130 ரூபாய் என்ற அளவில்தான் நான் பார்த்திருக்கிறேன். டீக்காசு. ஆனால் படங்கள் குறைவதில்லை, படி மட்டும் ஏறிக்கொண்டே போகும். 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு கூகுள் போட்டோஸின் அளவில்லா இலவசம் முடிந்தது. 2024-இல் ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுள் கணக்கின் இடத்தில் சேர ஆரம்பித்தது. குடும்பக் குழுவில் வரும் காலை வணக்க ரோஜாப்பூவுக்கும் இப்போது வாடகை உண்டு.

ஆட்டோபேயை நம்பியும் ஒருமுறை ஏமாந்தேன். 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி. முதலில் ஓடிபி கொடுத்துப் பதிய வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். நல்ல விதிதான், என் வங்கிதான் அதற்குத் தயாராக இல்லை. பணம் போகவில்லை, சந்தா நின்றது, மூன்று வாரம் எதுவும் ஏறாமலே இருந்தது. வந்த எச்சரிக்கை மெயில்களை விளம்பரம் என்று நானே தள்ளிவிட்டிருக்கிறேன். இப்போது வருடச் சந்தாதான், கையால்தான் கட்டுகிறேன்.

கம்பெனி மாறியபோது பட்ட பாடு தனி. மொத்தத்தையும் இறக்கினால் ஜிப் ஜிப்பாக வந்தது. படம் ஒரு கோப்பு, அது எடுத்த தேதி பக்கத்தில் இன்னொரு கோப்பு. லேப்டாப்பில் போட்டால் என் மகளின் காதுகுத்தும் பள்ளி ஆண்டு விழாவும் ஒரே நாளில் நடந்த மாதிரி அடுக்கி நின்றன. சரிசெய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. சேர்வதற்கு முன் வெளியேறும் வழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது குடும்பத் திட்டத்தில் இருக்கிறேன். என்னோடு இன்னும் ஐந்து பேர் அதே இடத்தைப் பகிரலாம். ஒருவர் படம் இன்னொருவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தனிக் கணக்கு, எனக்குத் தனி. படங்களின் இன்னொரு பிரதி ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில். மாதம் ஒருமுறை ஏற்றுவதாகத்தான் திட்டம். நடப்பது போகிக்கும் ஆயுத பூஜைக்கும்தான். போன பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு அதில் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.